முப்பது வருஷத்து ஃப்ரேம்

சோபாவில் உட்கார்ந்ததும் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எழுந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"என்ன ஆச்சு?" என்றாள் அவன் கட்டிக்கொள்ளப் போகிறவள். கட்டிக்கொள்ளப் போகிறானா இல்லையா என்பது அன்று சாயங்காலம்தான் தெரியும்.

"உங்கப்பா கண்ணாடியை எங்க வச்சாரு?"

"தூங்கப் போறப்ப சோபாவிலதான வைப்பாரு. ஐயையோ, எந்திரிங்க."

எழுந்தான். தேன் நிறத்து ஃப்ரேம், மூக்கின் மேல் உட்காரும் இடத்தில் சரியாக இரண்டாகப் பிரிந்து கிடந்தது. லென்ஸ் இரண்டும் தப்பித்ததுதான் ஒரே ஆறுதல்.

அது கடையில் தொங்கும் ஃப்ரேம் இல்லை. அவள் அப்பாவின் மூக்குக்கென்றே அளவெடுத்துக் கையால் செய்தது. அவர் பாலம் கட்டி ஓய்வு பெற்ற என்ஜினியர். பெண் கேட்டு வந்தவனை உட்காரவைத்து, சாப்பாடு முடியும்வரை அந்த ஃப்ரேமைப் பற்றியே பேசியிருந்தார்.

"முப்பது வருஷம், தம்பி. அதே ஃப்ரேம். இன்னிக்கு வரைக்கும் ஒரு விரிசல் கிடையாது. ஒரு பொருளை வச்சுக் காப்பாத்தத் தெரியாதவன்கிட்ட என் பொண்ணை எப்படிக் கொடுக்கிறது? தூங்கி எந்திரிச்சு என் முடிவைச் சொல்றேன்."

அவர் ஒரு மணி நேரம் தூங்குவார். அதில் பத்து நிமிஷம் ஏற்கெனவே போய்விட்டது.

"அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்," என்றாள் அவள்.

"சொன்னா நம்ம கல்யாணமும் இதே மாதிரி ரெண்டாத்தான் போகும். நான் ஒட்டிடுறேன்."

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெட்டியை ஆளோடு கீழே இறக்கியவன். அவனுக்கு ஒரு ஃப்ரேம் எம்மாத்திரம்? லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, அவளுடைய நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைக் கேட்டு வாங்கினான். அது இந்த மாதிரிப் பொருளைக் கொஞ்சம் கரைக்கும், கரைந்த இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கேயோ கேட்டிருந்தான்.

கேட்டது உண்மைதான், ஒட்டிக்கொண்டது. கூடவே அவன் கட்டைவிரலும் ஒட்டிக்கொண்டது. விரலைப் பிய்த்தபோது ஃப்ரேமில் ரேகை அப்படியே பதிந்திருந்தது. சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிட்டது.

"போலீசுக்கு வேலையே வைக்கலை," என்றாள் அவள்.

ரேகையை அழிக்கப் பற்பசை போட்டுத் தேய்த்தான். ரேகை போனது, பளபளப்பும் போனது. ஃப்ரேம் கோணலாக ஒட்டியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. நிமிர்த்துவதற்காகக் கொதிக்கிற வெந்நீரில் போட்டான். வெளியே எடுத்தபோது ஒரு காதுக் கம்பி கூரையைப் பார்த்தது, இன்னொன்று வாசலைப் பார்த்தது. மாட்ட வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு முகம் செய்ய வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா சமையலறைக்குள் வந்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"வெந்நீர்ல போட்டீங்களாக்கும்," என்றாள் அம்மா நிதானமாக. "பேக்கரிக்குப் பின்னால கண்ணாடிக்காரம்மா பட்டறை இருக்கு. பின்வாசல் வழியா போங்க. முன்கதவு சத்தம் போடும்."

பட்டறை ஒரே ஒரு அறை. மேஜை மேல் அரங்கள் வரிசையாகக் கிடந்தன. அடுப்பில் ஒரு சட்டி நிறைய உப்பு சூடாகிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரம்மா அவன் நீட்டியதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உடைச்சதைக் கூட மன்னிக்கலாம். ஒட்டினீங்க பாருங்க, அதைத்தான் மன்னிக்க முடியாது."

"புதுசா ஒண்ணு செய்ய எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"நேரமா? தகட்டை வாள் வச்சு அறுக்கணும். மூக்கு உக்கார்ற இடத்தை அரம் போட்டுப் போட்டு இழைக்கணும். அந்த ஆளுக்கு மூக்கு இடது பக்கம் ஒரு நூல் சாய்ஞ்சிருக்கும், அதுக்குத் தகுந்த மாதிரி. கீலை அடிச்சு இறக்கணும். அப்புறம் பளபளப்பு வர மரச்சில்லோட உருளையில மூணு நாள் உருளணும். எல்லாம் சேத்து மூணு வாரம்."

"எனக்கு இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. எழுந்து மேல் இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தாள். அதே தேன் நிறம், அதே வளைவு, அதே ஒரு நூல் சாய்வு.

"இது எப்படிம்மா..."

"கேக்காதீங்க. வாக்குக் கொடுத்திருக்கேன். லென்ஸை எடுங்க."

ஃப்ரேமை இளகுவதற்காகச் சூடான உப்பில் புதைத்து, மனசுக்குள் எண்ணி, வெளியே எடுத்து லென்ஸைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அவன் கால்மணி நேரம் போராடிய பொருள் அவள் கையில் சொன்னபடி கேட்டது. ஆறியதும் உப்புத்தாளால் இடது கம்பியில் சின்னதாக ஒரு கீறல் போட்டாள்.

"ஐயோ, எதுக்கும்மா?"

"முப்பது வருஷம் ஆன மாதிரி இருக்க வேண்டாமா? கிளம்புங்க."

ஓடினான். கண்ணாடியை சோபாவில் வைத்து நிமிரவும் படுக்கையறைக் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. என்ஜினியர் வந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் கீறலைப் பாத்தீங்களா, தம்பி?"

"பாத்தேன் சார்."

"இருபத்தாறு வருஷம் முந்தி பாலத்து மேல நிக்கும்போது பட்டது. அன்னிலேர்ந்து இன்னொரு கீறல் விழ விட்டதில்லை." மாட்டிக்கொண்டு திருப்தியாகச் சாய்ந்தார். "யோசிச்சுப் பாத்தேன். உங்களைப் பாத்தா பொறுப்பான ஆளாத் தெரியுது. எனக்குச் சம்மதம்."

அவள் முகம் மலர்ந்தது. அவனுக்கும் உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்கவில்லை. இப்படி ஒரு பொய்யை மூக்கு மேல் மாட்டிவிட்டு இந்த மனுஷர் முகத்தில் ஆயுசுக்கும் எப்படி முழிப்பது? நல்ல மனுஷர், பாவம், பழைய கீறலுக்கும் புதுக்கீறலுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நம்பிவிட்டார்.

"சார், அது உங்க ஃப்ரேம் இல்லை," என்றான். "உங்க ஃப்ரேம் மேல நான் உக்காந்துட்டேன். உடைஞ்சிருச்சு. இது வேற. மன்னிச்சிடுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என்ஜினியருக்குக் காது இரண்டும் சிவந்தன. வாயைத் திறந்தார், மூடினார், ஏனோ அவனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். தேநீர் கொண்டுவந்த அம்மா தட்டை மேஜையில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சம்மதத்தை மாத்திடாதீங்க," என்றாள் தன் கணவரிடம். "இந்தப் பிள்ளை உடைச்ச அன்னிக்கே சொல்லிட்டாரு. நீங்க இதுவரைக்கும் ஆறு ஃப்ரேம் மேல உக்காந்திருக்கீங்க, ஒண்ணாவது என்கிட்ட சொன்னீங்களா?"