காதை அடைக்காத இயர்பட்டின் நிறைகுறைகள்

ஜாலான் புசார் வட்டாரத்தில் உள்ள ஒரு கட்டடப் பராமரிப்பு அலுவலகத்தில், புகார் கவுன்ட்டரில் இருப்பவர்கள் காதில் எதையும் செருகிக்கொண்டு உட்காரக் கூடாது என்று முடிவானது. ஆனால் இணையக் கூட்டங்களில் அவர்கள் கலந்துகொண்டே ஆகவேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியிருந்ததால், ஐவர் குழு அமைக்கப்பட்டது.

குழு நான்கு மாதம் ஆராய்ந்து, காதை அடைக்காமல் காதோரம் தொங்கும் இயர்பட்டைப் பரிந்துரைத்தது. நிறை: காது வலிக்காது, எதிரில் இருப்பவர் பேசுவதும் கேட்கும். குறை: எம்ஆர்டி ரயில் இரைச்சலில் ஒன்றும் கேட்காது; சத்தம் சற்றே வெளியே கசியும். "அலுவலகத்துக்குள் எம்ஆர்டி ஓடாததால் குறைகள் பொருட்படுத்தத் தக்கவை அல்ல" என்று எழுதி இயக்குநர் ரமணன் கையெழுத்திட்டார்.

முதல் வாரமே செங்காங்கிலிருந்து பாக்கியலட்சுமி வந்தார். அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கில் பதினோரு நாளாக லிப்ட் ஓடவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட கணவர் ஒன்பதாவது மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார். டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளும் தவறிவிட்டது.

"தம்பி, நாளைக்காவது லிப்ட் ஓடுமா?"

"கண்டிப்பா சார்," என்றார் கவுன்ட்டரில் இருந்த ஆர்னால்ட்.

"நான் சார் இல்லப்பா."

"சாரி ஆன்ட்டி, மீட்டிங்ல இருக்கேன். நீங்க சொல்லுங்க, நல்லா கேக்குது."

"என்ன மீட்டிங்?"

"பொதுமக்கள் சொல்றத எப்படிக் காதுகொடுத்துக் கேக்கிறதுன்னு டிரெய்னிங் லா."

அப்போது ரமணனின் கனத்த குரல் இயர்பட்டிலிருந்து கசிந்தது. "லிப்ட் கம்ப்ளெயின்ட் வந்தா, பார்ட்ஸ் இன்னும் வரலன்னு சொல்லிடுங்க. அது போன வாரமே வந்தாச்சு. ஆள் அனுப்பத்தான் நேரமில்ல."

பாக்கியலட்சுமி கவுன்ட்டர்மேல் சாய்ந்து, ஆர்னால்டின் காதோரம் தொங்கிய இயர்பட்டின் மைக் அருகே வாயைக் கொண்டுபோனார்.

"சார், வந்த பார்ட்ஸை எப்ப போடுவீங்க?"

கூட்டத்தில் இருந்த நாற்பது பேருக்கும் அது கேட்டது.

"யாரது?" என்றார் ரமணன்.

"பொதுமக்கள் சார்," என்றார் ஆர்னால்ட்.

மறுநாள் காலையில் லிப்ட் ஓடியது. பாக்கியலட்சுமி கணவரைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் அழைத்துப் போனார்.

ஐவர் குழு அவசரமாகக் கூடியது. "பொதுமக்கள் பேசுவது அலுவலகத்துக்குக் கேட்கும் என்பது சகித்துக்கொள்ளக் கூடியதே. அலுவலகம் பேசுவது பொதுமக்களுக்குக் கேட்கும் என்பது பாதுகாப்புக் குறைபாடு" என்று அறிக்கை தந்தது. வெளிச்சத்தத்தை அறவே நீக்கி, காதை இறுக அடைக்கும் இயர்பட் எல்லாருக்கும் வழங்கப்பட்டது.

ஆர்னால்ட் அதை மாட்டிக்கொண்டு முதல் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார். புகார் கொடுக்க வந்து காத்திருந்த பன்னிரண்டு பேரும் காதில் ஆளுக்கொரு இயர்பட்டை மாட்டிக்கொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லா எண்ணையும் வரிசையாகக் கூப்பிட்டு முடித்துவிட்டு, ஆர்னால்ட் பதிவேட்டில் எழுதினார்:

"இன்று புகார் ஏதும் இல்லை."