எதிலும் ஒட்டும் கசப்புவேர்

மனித குலம் நோய்களை வென்றது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில், எங்கள் மூலிகை ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், குளிர்சாதனம் வேலை செய்யாத ஓர் அறையில். இதை உலகம் இன்னும் உரிய மரியாதையோடு உணரவில்லை. செய்திக் குறிப்பு எழுதும் ஊழியன் என்ற முறையில் நான் அங்கே இருந்துவிட்டபடியால், உணர்த்தும் கடமை என் தலையில் விழுந்திருக்கிறது.

வென்று கொடுத்தவர் எங்கள் கணினி நிபுணர். அவரைத் 'தரகர்' என்போம். மூலிகையில் உள்ள மூலக்கூறு உடம்பின் எந்தப் புரதத்தோடு ஒட்டும் என்று கணினியில் ஜோடி சேர்த்துப் பார்ப்பது அவர் வேலை. நல்ல தரகர்களைப் போலவே அவரும் எந்த வரனையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அன்று கசப்புவேர் என்ற செடியின் மூலக்கூற்றைக் கணினிக்குள் விட்டார். அது இதயப் புரதத்தோடு ஒட்டியது. மூளை, நுரையீரல், கல்லீரல் என்று போன இடமெல்லாம் ஒட்டியது. திரையில் வட்டங்களும் கோடுகளுமாக ஒரு படம் வந்தது. சிக்கெடுக்காத தலைமுடி போலிருந்தது.

இயக்குநர் கண்கலங்கினார். "ஒண்ணுமே புரியலையே! அப்படின்னா ரொம்ப ஆழமான ஆராய்ச்சி."

செல் ஆய்வுக்கூடத்தில் ஓர் அம்மையார் இருக்கிறார். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கலாம் என்பார். அதனால் அவருக்கு 'முட்டுக்கட்டை' என்று பெயர்.

"ஒட்டினா நல்லது செய்யும்னு அர்த்தமா சார்? கெடுக்கவும் செய்யலாமே. முதல்ல செல்லுல போட்டுப் பார்த்துடலாம்" என்றார்.

"கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. செல்லு புதுசா என்ன சொல்லிடப் போகுது?" என்றார் தரகர்.

"சரி, பாத்திரம் கழுவுற சோப்பைப் போட்டுப் பாருங்க."

தரகர் சோப்பின் மூலக்கூற்றைப் போட்டார். சோப்பும் எல்லாவற்றோடும் ஒட்டியது. முட்டுக்கட்டை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இயக்குநர் மெல்ல எழுந்தார்.

"அட, சோப்பும் மருந்தா! அடுத்த திட்டம் அதுதான்."

நான் செய்திக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். கணினி 'ஒட்டக்கூடும்' என்றிருந்தது. தரகர் 'ஒட்டுகிறது' என்றார். இயக்குநர் 'உதவும்' என்றார். நான் 'குணமாக்கும்' என்று எழுதினேன். கூட்டு முயற்சி என்பது இதுதான்.

நாளிதழில் வந்ததும் கடைகளில் கசப்புவேர்ப் பொடி மலைமலையாகக் குவிந்தது. அக்கா போன் செய்தாள்.

"டேய், பேப்பர்ல வந்தது நீ எழுதினதாமே? உங்க அத்தான் தெருவெல்லாம் காட்டிட்டு வந்தார். சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டு, வேளை தவறாம இந்தப் பொடியைத்தான் குடிக்கிறார்."

"மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் எழுதலையே அக்கா."

"நிறுத்தாதீங்கன்னும் எழுதலையேடா. டாக்டரைக் கேக்கலாம்னா, 'என் மச்சானை விட டாக்டருக்கு என்ன தெரியும்'ங்கறார். நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்."

சொல்லியிருப்பேன். ஆனால் நிறுவனத்தின் கண்டுபிடிப்புக்கு எதிராக ஊழியர்கள் கருத்துச் சொல்லக்கூடாது என்று எங்களுக்கு ஒரு நடத்தை விதி உண்டு. "அறிவியல் மேல நம்பிக்கை வை அக்கா" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

சில வாரங்களில் அத்தானின் கண்கள் மஞ்சளாயின. பிறகு உடம்பும். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. மருத்துவமனைக் கட்டிலில் அரிப்புத் தாங்காமல் புரண்டுகொண்டிருந்தார்.

"கல்லீரல் பாதி போயிடுச்சு. அப்படி என்னதான் சாப்பிட்டார்?" என்று கேட்டார் மருத்துவர். அக்கா என்னையே பார்த்தாள்.

இயக்குநர் பூங்கொத்தோடு வந்து சேர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"கல்லீரல் புரதத்தோட ஒட்டும்னு நாங்க அப்பவே சொன்னோமே! அச்சு அசலா பலிச்சிருக்கு. உங்க கல்லீரல்தான் எங்களுக்கு முதல் சான்று."

அத்தான் ஈனக் குரலில் கேட்டார்: "கட்டுரையில என் பேர் வருமா?"

"அந்தரங்கம் காக்கணும் இல்லையா? 'ஒரு நபர்'னு வரும்."

அக்கா பூங்கொத்தைப் பிடுங்கி அவர் கையிலேயே திணித்தாள். "வெளியே போங்க" என்றாள். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள் என்பது, கதவு என் மூக்குக்கு நேரே மூடியபோது தெரிந்தது.

அத்தான் பிழைத்துக்கொண்டார். அவருடைய கல்லீரல் மெல்லத் தேறி வருகிறது. அக்கா என்னோடு பேசுவதில்லை.

முட்டுக்கட்டை மட்டும் ஓயவில்லை. இப்போதாவது கசப்புவேரை எலிகளுக்குக் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்று நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்டார். குழு கூடியது, கருணையோடு விவாதித்தது, மறுத்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி விளக்கினார்:

"ஒரு மனுஷனோட கல்லீரலையே பாதி தின்னுடுச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதைப் போய் எலிக்குக் குடுக்கலாமாம்மா? வாயில்லாத ஜீவன், பாவமில்லையா?"

"அப்ப கடையில விக்கிறதையாவது நிறுத்தச் சொல்லுங்க சார்."

"அது எப்படி? அதை மனுஷங்கதானே சாப்பிடறாங்க!"