முதல் பாகம் மாதிரி இல்லை

தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்ததும் எதைக் கேட்கக்கூடாது என்று தனசிங் வேண்டிக்கொண்டிருந்தாரோ அதையே ஆபேல் கேட்டார்.

"சொல்லுங்க சார். படம் எப்படி?"

சாதாரணக் கேள்விதான். கேட்டவர் சாதாரண ஆளில்லை. தனசிங்கின் மகள் சுஜிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை ஜாய்சனின் அப்பா. காட்டாங்குளத்தூர்க் கல்லூரி ஒன்றில் ஆபீஸ் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பற்றியும் ஓர் உறுதியான கருத்து வைத்திருப்பவர். வீட்டில் பஜ்ஜி சொஜ்ஜி வைத்துப் பெண் பார்ப்பதெல்லாம் பழைய பாணி, இரண்டு குடும்பமும் சேர்ந்து 'படைவாள்' இரண்டாம் பாகம் பார்ப்போம், பழகின மாதிரியும் இருக்கும் என்று யோசனை சொன்னதே அவர்தான். ஃபோனில் அதைச் சொன்னபோது, முதல் பாகம் பார்த்திருப்பீர்களே என்று போகிற போக்கில் கேட்டார். பார்க்காமல் இருப்பேனா, இரண்டு தடவை பார்த்தேன் என்று தனசிங்கும் மரியாதைக்குச் சொல்லி வைத்தார்.

உண்மையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவருக்கு மறைமலை நகரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை. ஷிஃப்ட் மாறி மாறி வரும். எங்கே சாய்ந்து உட்கார்ந்தாலும் கண் சொருகிவிடும் உடம்பு. இன்றைக்கும் நைட் ஷிஃப்ட் முடித்து, குளித்துவிட்டு அப்படியே கிளம்பி வந்தவர். பெருங்களத்தூர் நெரிசலில் இரண்டு குடும்பமும் மாட்டிக்கொண்டதில், படம் ஆரம்பித்த பிறகு ஓட்டமும் நடையுமாக இருட்டுக்குள் நுழைந்து, காலியாகக் கிடந்த நாற்காலிகளில் விழுந்தார்கள். சுஜியும் ஜாய்சனும் பாப்கார்ன் வாங்குகிறோம் என்று வெளியிலேயே நின்றவர்கள், படம் முடிகிற வரை உள்ளே வரவில்லை. அதற்காகத்தானே வந்தது என்று பெரியவர்களும் கண்டுகொள்ளவில்லை.

இடைவேளை வரை ஒரு பாலைவனத்தில் யாரோ யாரையோ வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். தனசிங் நன்றாகத் தூங்கிவிட்டார்.

இப்போது ஆபேல் பதிலுக்காகக் காத்திருந்தார். எந்தப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கும் பொருந்தக்கூடிய, உலகத்தில் யாரும் மறுத்துப் பேசாத ஒரு பதில் தனசிங்கின் வாயில் தானாக வந்தது.

"முதல் பாகம் மாதிரி இல்ல சார்."

ஆபேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதைத்தான் சார் நானும் நினைச்சேன்."

அதன் பிறகு லிஃப்ட் வரை அவர்தான் பேசினார். முதல் பாகத்தில் ஓர் உயிர் இருந்தது, இதில் உடம்பு மட்டும்தான் இருக்கிறது. பேப்பரில் எழுதியவர்கள் எல்லாரும் ஏமாற்றம் என்று சும்மா எழுதவில்லை. ரிலீஸான முதல் வாரத்திலேயே பாதித் தியேட்டர் காலி. இந்த அழகில், கடைசியில் 'போர் தொடரும்' என்று வேறு போடுகிறான். மூன்றாவது பாகத்தையும் எடுத்து நம் தலையில் கட்டப் போகிறான்.

தனசிங் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். பின்னால் வந்துகொண்டிருந்த கிறிஸ்டினா, அதாவது ஜாய்சனின் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, அப்ப உங்களுக்கும் பிடிக்கலையா?"

திரும்பிப் பார்த்தால் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கதாநாயகனின் அம்மா சாகிற இடத்திலிருந்து அழுகையை நிறுத்த முடியவில்லையாம். முதல் பாகம் வெறும் கத்தல், இதில்தான் குடும்பம் என்று ஒன்று இருக்கிறது என்பது அவர் கட்சி. சுஜி நாளைக்குப் போய் வாழப்போவது இந்த அம்மாவோடு என்பது தனசிங்குக்கு அந்தக் கணத்தில் பளிச்சென்று நினைவுக்கு வந்தது.

"பிடிக்கலைன்னு சொல்லலம்மா. முதல் பாகத்தைவிட ஒரு படி மேல. அதான் அது மாதிரி இல்லைன்னேன்."

ஆபேல் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்.

தனசிங்கின் மனைவி மெட்டில்டா தாம்பரத்தில் பள்ளிக்கூட டீச்சர். திட்டுவதை வீடு வந்து சேரும் வரை பத்திரமாக வைத்திருப்பவள். வந்ததும் வராததுமாக, உங்களுக்கு என்ன தேவை, சும்மா சிரித்துவிட்டு வரக்கூடாதா என்று ஆரம்பித்தாள். பிறகு அவளும் படத்துக்குள் இறங்கிவிட்டாள். கதையெல்லாம் கிடக்கட்டும், கதாநாயகிக்கு இதில் ஒரு நல்ல சேலை உண்டா, முதல் பாகத்தில் ஒவ்வொன்றும் என்ன நேர்த்தி என்றாள்.

"நீ எப்ப முதல் பாகம் பாத்த?" என்றார் தனசிங்.

"ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சேர்ந்து போனோம். நீங்க நைட் ஷிஃப்ட்ல இருந்தீங்க."

ஊரில் அந்தப் படத்தைப் பார்க்காத ஒரே ஆள் தான்தான் என்று தனசிங்குக்குத் தோன்றியது. ஏதோ தேர்வுக்குப் படிக்காமல் போனவரைப் போலப் படுத்துக்கொண்டார்.

விழித்தபோது சாயங்காலம். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஜாய்சன் தொடங்கியிருந்த வாட்ஸாப் குழுவில் ஆபேல் ஒரு விமர்சனம் எழுதியிருந்தார். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. காலையில் கையை விட்ட மனுஷனைச் சமாதானப்படுத்த இதுதான் வழி என்று தனசிங் அதற்கு ஒரு கட்டை விரலைத் தூக்கிப் போட்டார். அதற்கு அடியில் கிறிஸ்டினா, 'தாய்ப் பாசம் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் படம் புரியும்' என்று ஒரே வரி எழுதியிருந்தார். அதைச் சும்மா விட்டால் நன்றாயிருக்காது என்று அதற்கு ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டார்.

ஃபோன் உடனே அடித்தது. ஆபேல் கோபமாகப் பேசவில்லை. வருத்தமாகப் பேசினார். அது இன்னும் மோசம்.

"ஒரு சினிமாவுக்கே ரெண்டு பக்கமும் தலையாட்டறீங்க சார். நாளைக்குப் பிள்ளைங்க விஷயம்னு வந்தா நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்கன்னு எனக்கு யோசனையா இருக்கு."

மறுநாள் கேன்டீனில் தனசிங் தட்டை எடுத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். இரண்டாம் பாகத்தைப் பற்றி உருப்படியாக ஏதாவது தெரிந்துகொண்டு ஆபேலை நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, மெஷின் பிரிவு சுகுமாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சுகுமார் முதல் நாள் முதல் காட்சி பார்க்கிற ரகம். கட் அவுட்டுக்கு மாலை போட்டவன், படம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து துக்க வீட்டுக்காரன் மாதிரி இருந்தான்.

"ரொம்ப பேஜார் பண்ணிட்டாங்கண்ணா. கடைசில அந்தக் கப்பல் சண்டை மட்டும் இல்லேன்னா ஸ்கிரீனைக் கிழிச்சிருப்பேன்."

எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கவுன்ட்ஸ் ரேஷ்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எதையும் எதிர்பார்க்காமல் ஏசிக்காகப் போனதால் தனக்கு மிகவும் பிடித்திருந்தது என்றாள். சுகுமார் அவளோடு அதற்குமேல் பேசவில்லை. மோர்க் கிளாஸை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டான்.

கப்பல் சண்டை, கப்பல் சண்டை என்று தனசிங் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். தான் தூங்கியபோது வந்திருக்க வேண்டும்.

ஷிஃப்ட் முடிந்து பழமும் கேக்கும் வாங்கிக்கொண்டு பெருங்களத்தூரில் ஆபேலின் அபார்ட்மென்ட்டுக்குப் போனார். கிறிஸ்டினா காபி கொண்டுவந்து வைத்தார். ஆபேல் எதிரில் உட்கார்ந்து, பழைய ஆபீஸ் தோரணையில் கேட்டார்.

"முதல் பாகத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் எது சார்?"

தனசிங் கேக் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். இந்த மாதிரிப் படங்களில் எப்படியும் ஒரு மழை இருக்கும் என்று துணிந்தார்.

"அந்த மழைச் சண்டை."

ஆபேல் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு பரவசம் படர்ந்தது.

"ஆஹா. அந்த மழை. மண்ணு வாசனையே வந்துது சார் தியேட்டர்ல. இதுல பாருங்க, மழையும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒரே மணல்."

தப்பித்தோம் என்று தனசிங் காபியைக் கையில் எடுத்தார். அப்போது கிறிஸ்டினா, அது மழை இல்லை, அருவி என்றார். மழை என்றார் ஆபேல். அருவிக்குப் பின்னாலிருந்து கதாநாயகன் வெளியே வருவது இன்னும் தன் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது என்றார் கிறிஸ்டினா. வந்த இடத்தில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை மூட்டிவிட்டோமே என்று தனசிங் பதறி, பேச்சை மாற்றுவதற்காகக் கையிலிருந்த ஒரே சரக்கை எடுத்துவிட்டார்.

"எது எப்படியோ சார், இதுல அந்தக் கப்பல் சண்டையை ஒத்துக்கத்தான் வேணும்."

ஆபேல் கிறிஸ்டினாவைப் பார்த்தார். கிறிஸ்டினா ஆபேலைப் பார்த்தார்.

"கப்பல்..." என்று இழுத்தார் ஆபேல். "கப்பல் சுமார்தான் சார். கிராபிக்ஸ் பல்லைக் காட்டுது."

"எனக்கு அந்தக் கப்பல்தான் படமே" என்றார் கிறிஸ்டினா.

கப்பல் என்றாலே உனக்கு உன் தம்பி ஞாபகம் வந்துவிடும் என்று ஆபேல் சொல்லியிருக்க வேண்டாம். கிறிஸ்டினாவின் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். அவர் பெயரை எடுத்தால் அந்த வீட்டில் இருபது வருஷச் சங்கதியும் கிளம்பிவிடும் என்பது தனசிங்குக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கிறிஸ்டினா படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆபேல் ஜன்னல் வழியாக ஜிஎஸ்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனசிங் வெட்டாத கேக்குக்கு எதிரில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே எழுந்து வந்தார்.

அவர் வீடு வந்து சேருவதற்குள் செய்தி வந்துவிட்டது. அண்ணன் வந்துவிட்டுப் போனதிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்று கிறிஸ்டினா மெட்டில்டாவுக்கு ஃபோன் செய்திருந்தார். இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஆறப் போடலாம் என்று அப்பா சொல்கிறார் என ஜாய்சன் சுஜிக்குச் செய்தி அனுப்பியிருந்தான்.

தனசிங் ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தார். போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். சொன்னால், இரண்டு பக்கமும் பேசுகிறவன் என்பதோடு பொய்யன் என்ற பெயரும் சேரும். அந்த மழையையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மெட்டில்டா சுவரில் சாய்ந்து நின்றாள். "நல்லாருக்கு, இல்ல நல்லால்ல, ரெண்டுல ஒண்ணைச் சொல்ல உங்களுக்கு என்னங்க கஷ்டம்?" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

சுஜிதான் அப்பாவின் காலருகில் உட்கார்ந்து மிச்சமிருந்த ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள்.

"எனக்கும் ஜாய்சனுக்கும் ஒத்துப்போச்சுப்பா. உங்க நாலு பேருக்கும்தான் பொருத்தம் பாத்திருக்கணும்."

அவளும் ஜாய்சனும் பேசி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாலு பெரியவர்களும் இரண்டாம் பாகத்தை மறுபடி ஒரு தடவை, ஆரம்பத்திலிருந்து, ஒழுங்காகப் பார்ப்பது. பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வருவது. அதற்குப் பிறகு அந்தப் படத்தின் பெயரை யாரும் எடுக்கக்கூடாது. டிக்கெட் ஜாய்சன் பொறுப்பு. ஆபேல் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: யார் சொன்னது தப்போ அவர் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதன் பிறகுதான் நிச்சயதார்த்தப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை முன்கூட்டியே கிளம்பி, நிதானமாக வந்து சேர்ந்தார்கள். ஆபேலும் கிறிஸ்டினாவும் நடுவே ஓர் ஆள் நடக்கிற இடைவெளி விட்டு வந்தார்கள். சுஜியும் ஜாய்சனும் வழக்கம்போலப் பாப்கார்ன் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். தனசிங் இந்தத் தடவை தூங்கக்கூடாது என்று இரண்டு காபி குடித்திருந்தார். மன்னிப்புக் கேட்கப் போவது எப்படியும் தான்தான் என்று அவருக்குத் தெரியும்; என்ன வார்த்தை சொல்வது என்றுதான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபேல் முன்னால் நடந்து, போன தடவை போன அதே கீழ்த்தளக் கதவுக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே டிக்கெட் பார்க்கும் பொன்னுசாமி ஸ்டூலிலிருந்து எழுந்து, ஆபேலின் ஃபோனை வாங்கி டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, மாடிக்குப் போகச் சொன்னார். ஆபேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. போன வாரம் இதே கதவு வழியாகத்தான் இதே படத்தைப் பார்த்தோம், எங்களுக்கு வழி தெரியும் என்றார். பொன்னுசாமி அவரை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு கிறிஸ்டினாவை, மெட்டில்டாவை, கடைசியாகத் தனசிங்கை. அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

சுஜிக்கும் ஜாய்சனுக்கும் அடுத்த மாதமே நிச்சயம் நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். அந்த விருந்துப் பந்தியில் யாரோ 'படைவாள்' பேச்சை எடுத்தபோது, நாலு பெரியவர்களும் ஒரே சமயத்தில் தயிர்ப் பச்சடி கேட்டார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைக்கு அந்தக் கதவருகில், ஃபோனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே பொன்னுசாமி சொன்னதற்குப் பிறகு அதற்குத் தேவை இருக்கவில்லை.

"ரெண்டாவது பாகம் மாடிலதான் ஓடுது சார், அது வருதேன்னு மொதோ பாகத்தையும் மறுபடி கீழ ஓட்டிகினு கீறாங்க, போன வாரம் டிக்கெட்டுகூட காட்டாம நாலு பேரும் உள்ள பூந்து பாத்துட்டுப் போனீங்களே, அது மொதோ பாகம்."