கலண்டர் கேட்ட நாலு நாள் வாரம்

அட்டன் டவுனில் பழைய பேப்பர் கடையில் தொழிற்சட்டப் புத்தகம் ஒன்றை எடைக்கு வாங்கி, அதை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஒரு தோட்டத்துக்கே ஆலோசனை சொன்னவன் நான். புத்தகத்தின் பின்பாதி கிழிந்து போயிருந்தது என்பதை இன்றுதான் வெளியில் சொல்கிறேன். அப்போது அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கந்தோரில், அதாவது ஆபீஸில், கணக்கெழுதும் சின்னக் கிளாக்கர். மூக்குக்கண்ணாடி புதிது. ஊருக்கு அது போதுமாயிருந்தது.

ஆலோசனையோடு நிற்காமல் மனு வரை வந்த ஒரே கட்சிக்காரர் கலண்டர். இந்தத் தீவில் அவரளவுக்கு நேரத்தை மதித்தவரும் இல்லை, நேரத்திடம் அவ்வளவு அவமானப்பட்டவரும் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் மெஷினில் வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு கலண்டர் கட்டு இருக்கும். அதனால் வந்த பெயர்தான் கலண்டர்; சொந்தப் பெயர் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கோழிக்கு முட்டையிட நேரம் குறித்திருந்தார். பிந்தினால் கூட்டின் முன் குந்தி விளக்கம் கேட்பார். கொட்டகலை பஸ் வந்து நின்றால், "நாலு நிமிசம் பிந்திட்டீங்களே தம்பி, எங்க போனீங்க?" என்று கண்டக்டரைப் பெற்ற தகப்பன் போல விசாரிப்பார்.

ஒருநாள் கந்தோருக்கு வந்தார்.

"ஐயா, ஆறெட்டு நாப்பத்தெட்டு. நாலு பன்னெண்டும் நாப்பத்தெட்டுத்தானுங்களே?"

"ஆமா."

"அப்ப நாலு நாளு நின்னு வேல செஞ்சா, மூணு நாளு வீட்ல இருக்கலாமுங்களா?"

"எதுக்கு?"

"ஒரு இதுக்குத்தாங்க."

வாரத்து மணித்தியாலங்களை அப்படியும் வெட்டலாம் என்று என் புத்தகத்தின் முன்பாதியில் இருந்தது. வெட்டக்கூடாது என்று பின்பாதியில் இருந்திருக்கலாம். தொழிலாளர் வரலாறே என் மேசை முன் நிற்பதாக நினைத்து, பதினோரு பக்க மனு எழுதினேன். தோட்டம் கம்பெனி கைக்கு மாறியிருந்த சமயம்; தோட்டத்தை நடத்த வந்த புதுத் தொரைக்குப் புதுமை பிடிக்கும். "மெஷின்காரர் ஆறு பேரும் ரகசிய வாக்கில் சம்மதித்தால், ஒரு மாதம் பார்ப்போம்" என்றார்.

கலண்டர் பிரசாரத்தில் இறங்கினார். கூட்டாளி ஒருவன் மடக்கினான்.

"பன்னெண்டு மணித்தியாலம் நின்னா, மூணு நாளும் தூங்கத்தான் சரியா இருக்கும் மாமா."

"தூங்கேன். இப்ப மெஷின் பக்கத்துல தூங்குற. இனி ஒன் வீட்ல தூங்கு."

சம்மதமென்றால் இலை, இல்லையென்றால் குச்சி; தேயிலை டின்னில் போட வேண்டும். திறந்தபோது ஒரு குச்சிகூட இல்லை. ஆறு பேருக்கு ஒன்பது இலை இருந்தன. இலைக்குப் பஞ்சமில்லாத இடம் என்று தொரை சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

அட்டவணையை நானே போட்டேன். முன்னோடிக்கு மரியாதையாக, கலண்டருக்குத் திங்கள், செவ்வாய், புதன் என்று தொடர்ந்து மூன்று நாள் லீவு. அவர் அதை மூன்று தரம் வாசித்தார்.

"ஞாயித்துக்கெழம வேலைங்களா ஐயா?"

"ஆமா. செவ்வாக்கெழம அட்டன்ல படம் பாக்கக் கூட்டமே இருக்காது."

"ராக்கம்மாவுக்கு ஞாயித்துக்கெழமதானுங்களே லீவு."

ராக்கம்மா அவர் மனைவி, கொழுந்து பறிப்பவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை பறித்த கொழுந்து ஞாயிறுதான் அரைபடும். ஆகவே கொழுந்து பறிக்கும் மலைக்கு லீவு ஞாயிறு, மெஷினுக்குத் திங்கள். விடியுமுன் மெஷினுக்குப் போகிறவர் மாலை ஆறுக்கே படுத்துவிடுவார். ஐந்தரைக்கு மலையிலிருந்து வருகிறவரோடு பேச அரை மணிதான். சண்டைகூடப் பாதியில் நின்றது. பதினைந்து வருடமாக இருவருக்கும் ஒரு லீவு நாள்கூடச் சேர்ந்து விடியவில்லை. அந்த ஒரு நாளுக்காகத்தான் மனிதர் சட்டம் பேசியிருக்கிறார். நானோ அவரைப் படம் பார்க்க அனுப்பினேன்.

ஒரு மாதத்துக்கு அட்டவணையில் கைவைக்க முடியாது. கலண்டர் கோபிக்கவில்லை. லீவு நாட்களில் ஒன்பது மணிக்குப் போத்தலில் தேத்தண்ணியோடு மலை ஏறினார். ராக்கம்மா கொழுந்து பறிக்கும் தேயிலை நிரைக்குக் கீழே நின்று மத்தியானம் வரை பேசினார். கோழி, பஸ், தொரை, என் மூக்குக்கண்ணாடி எல்லாம் பேச்சில் வந்தன. கங்காணி முறையிட்டார்: "வேலையில்லாத ஆளு மலையில நிக்கிறாருங்க." புத்தகத்தைப் புரட்டினேன். லீவு நாளில் பெண்சாதியோடு பேசுவதை என்னிடமிருந்த பாதி தடுக்கவில்லை.

மாதம் முடிந்ததும், குற்ற உணர்ச்சியோடு ஞாயிற்றை லீவாக்கிப் புது அட்டவணை எழுதினேன். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடி, ராக்கம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் கூடையைக் கவிழ்த்துத் தட்டினார்.

"அத மாத்தாதீங்க ஐயா. ஞாயித்துக்கெழம துணி, வெறகு, தண்ணின்னு எனக்குத் தலைக்கு மேல வேல. அந்த மனுசன் பேச்சக் கேக்க, மலையில நிக்கும்போதுதான் என் காது சும்மா இருக்கு."