எருமையும் சின்னவனும்

கொள்ளிடத்துக்கு வடக்கே, எந்த முடிவும் எடுக்காமல் இவ்வளவு சந்தோஷமாக வாழ்கிற மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ரெண்டுலொண்ணு மாமா. என் அக்காவைக் கட்டிக்கொண்டவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலை ஒரே பார்வையில் படித்து மாத்திரையை எடுத்து வைத்துவிடுவார். ஆனால் பழைய கார் இஞ்சின் என்று பேச்சு வந்தால், “இந்த வாரம் ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்” என்பார். பல வருஷமாக இதையேதான் சொல்கிறார். கடையின் பெயர் தெரியாதவர்களுக்கும் இந்தப் பெயர் தெரியும்.

விஷயம் இதுதான். கார்ப் பைத்தியம் பிடித்த சிலர், வருஷத்துக்கு ஒருமுறை கிள்ளை போகிற வழியில் ஒரு தரிசு நிலத்தில் கூடி ஆட்டோகிராஸ் நடத்துகிறார்கள். முட்டி மோதிக்கொண்டு ஓடும் பந்தயம் இல்லை இது. ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைவு வளைவாக வைத்து, ஒவ்வொரு காராக உள்ளே விடுவார்கள். எவ்வளவு சீக்கிரம் வளைந்து நெளிந்து வெளியே வருகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பார்கள். கூம்பைத் தட்டினால் நேரம் கூடும். ஒரு தடவையாவது இதில் ஓட்டிவிட வேண்டும் என்பது மாமாவின் வாழ்நாள் ஆசை.

அதற்காகவே ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். புதுச்சேரியில் ஒரு பங்களாத் தோட்டத்தில் நின்றது அது. இரண்டே கதவு, சிவப்பு நிறம், இஞ்சின் மட்டும் இல்லை. இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது குஞ்சு பொரித்து இறங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் காரைக் கடலூருக்குக் கொண்டுவந்தார்.

அப்புறம் இஞ்சின் தேடினார். ஒன்று தேடப் போனவருக்கு இரண்டு கிடைத்தது. அன்றைக்குப் பிடித்தது சனி.

முதலாவது பண்ருட்டியில், பலாப்பழ வியாபாரி ஒருவரின் கிடங்கில் கிடைத்தது. அந்த வியாபாரிதான் ஆட்டோகிராஸ் நடத்துகிறவர்களில் முக்கியமானவர். சின்ன இஞ்சின். மெதுவாக ஓட்டினால் தூங்கும், விரட்டினால்தான் விழித்துக்கொண்டு பாடும். அந்தப் பாட்டுக்கு மாமா சொத்தையே எழுதி வைத்துவிடுவார். ஆனால் அது விடாமல் பாட வேண்டுமென்றால், ஒவ்வொரு வளைவிலும் கிளட்சை மிதித்து மிதித்து கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு மாமா வைத்த பெயர் சின்னவன்.

இரண்டாவது திட்டக்குடிப் பக்கம். பெரிய இஞ்சின். ஒரு விவசாயி அதைப் பம்பில் மாட்டிக் கரும்புக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். “நாலு ஏக்கரா கரும்பக் காப்பாத்துன இஞ்சினுங்க. ஒங்க காரக் காப்பாத்தாதா?” என்றார். பாட்டெல்லாம் கிடையாது, உறுமல்தான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே நல்ல இழுவை. இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் கடைசிவரை அப்படியே போகும். இதற்கு மாமா வைத்த பெயர் எருமை.

இரண்டும் வீட்டுக் கூடத்தில் குடியேறின. சின்னவன் டிவிக்குக் கீழே, எருமை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில். ஆயுத பூஜையன்று ஒன்றுக்கு ஒரு முழம் பூ கூடிவிட்டால், மற்றதன் மனம் நோகும் என்று மாமா அளந்து வெட்டுவார். சிதம்பரத்திலிருந்து வந்த எங்கள் பெரியப்பா, துணி போட்டு மூடியிருந்த எருமையை முக்காலி என்று நினைத்து வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார். அந்த வேட்டியைக் கடைசியில் மாமாதான் வாங்கிக்கொண்டார், இஞ்சின் துடைக்க.

ஒருநாள் சின்னவனின் புகைக்குழாயை ஜன்னல் வழியே வெளியே விட்டு, கூடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு அம்மா மாடியில் காயப்போட்ட வடகத்தை அள்ளிக்கொண்டு ஓடிவந்து, “எத்தினியாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்க? புயல் எப்ப வருதாம்?” என்று கேட்டார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

சாமியையும் விட்டுவைக்கவில்லை. சின்னவனுக்குச் சிவப்புப் பூ, எருமைக்கு வெள்ளைப் பூ என்று இரண்டு பொட்டலம் கட்டி, சிதம்பரம் கோயிலில் வைத்துக் கும்பிட்டு, அக்காவை எடுக்கச் சொன்னார். சிவப்பு வந்தது.

“அப்ப சின்னவன்தான். முடிஞ்சிது!” என்றேன்.

“இரு மச்சான். மூணு வாட்டி கேக்கறதுதான் மொற” என்றார் மாமா.

இரண்டாம் தடவை வெள்ளை வந்தது. மூன்றாம் தடவை எடுப்பதற்குள், காற்றாட வெளியே வந்து கீழ வீதியில் நின்றோமா, ஒரு மாடு வந்து இரண்டு பொட்டலத்தையும் தின்றுவிட்டுப் போனது. மாமாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண் அவள்தான். வீட்டுக் காரில் கடலூரிலிருந்து சிதம்பரம்வரை தனியாக ஓட்டி வருவாள். நன்றாக ஓட்டுவாள், லாரிக்காரர்களை நன்றாகத் திட்டவும் செய்வாள். இடது முட்டியில் வலி வந்த பிறகு எல்லாம் நின்றுபோனது. “கிளட்ச்ச மிதிச்சா உயிரே போவுதுடா” என்று சாவியை ஆணியில் மாட்டியவள்தான். அதற்குப் பிறகு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவாள். போன வருஷம் ஆட்டோகிராஸ் பார்க்கப் போனபோது வேலியைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு மட்டும் கால் நல்லாருந்தா, இதுல ஒரு ரவுண்டு வந்துருப்பேன்” என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

இந்தச் சித்திரையில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “வைகாசிப் பந்தயத்துக்குள்ள ஒண்ணு கார்ல ஏறணும். இல்லன்னா ரெண்டும் பழைய இரும்புக்கடைக்குப் போவும். கூடத்துல காலு நீட்டி ஒக்கார எடமில்ல எனக்கு!”

மாமா மெக்கானிக்கை வரச்சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பந்தயத்தன்று கூம்பு ஏற்றி வந்த வண்டி வழியிலேயே படுத்துவிட்டது. பண்ருட்டிக்காரர் அசரவில்லை. தன் லாரியிலிருந்து பலாப்பழங்களை இறக்கி, கூம்பு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் உட்கார வைத்தார். “தட்டுனா நேரமும் கூடும், பழமும் ஒங்களுது” என்று சட்டமும் போட்டார். ஒரு காருக்கு மூன்று சுற்று.

சிவப்புக் கார் வந்து நின்றது. மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே எருமை.

“என்ன மாமா இது? சின்னவன்னா ஒங்களுக்கு உயிராச்சே!”

“இப்பவும் அவந்தான் உயிரு மச்சான்” என்றார். பிறகு ஹெல்மெட்டை எடுத்து என்னைத் தாண்டிப் போய் அக்காவின் தலையில் வைத்தார். “கெளப்பும்போது ஒரே ஒரு வாட்டி கிளட்ச்சு. ரெண்டாவதுல போட்டுட்டு வுட்டுடு. அப்புறம் கடைசிவரைக்கும் எடது காலுக்கு வேலையே கெடையாது. எருமை இழுத்துக்கும்.”

அக்கா ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு, “இதுக்கா இத்தன வருஷம்?” என்றாள்.

“மொதல்லல்லாம் எனக்காகத்தான் கொழம்பிட்டிருந்தேன். போன வருஷத்துலேர்ந்துதான் இது. வாரா வாரம் ஒனக்கு வலி மாத்திர எடுத்துக் குடுக்கறவன் நானு. எனக்குத் தெரியாதா? ஏறு, ஏறு, வெய்யிலு ஜாஸ்தியாவுது.”

முதல் சுற்றில் அக்கா இரண்டு பலாப்பழத்தைத் தட்டினாள். ஒன்று உருண்டு போய் நேரம் பார்க்கிறவரின் நாற்காலியைத் தள்ளிவிட்டது. இரண்டாவது சுற்றில் ஒன்றுகூடத் தட்டவில்லை. மூன்றாவது சுற்று மாமாவுடையது. வாழ்நாள் ஆசையாயிற்றே! அக்காவும் கதவைத் திறந்து ஹெல்மெட்டைக் கழற்றப் போனாள். அவள் முகத்தைப் பார்த்தார் மாமா. எங்கள் அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. மாமா கதவைத் திருப்பிச் சாத்தினார்.

“அந்தக் கடேசி வளைவுல கொஞ்சம் லேட்டா திருப்பு. போ.”

மூன்று சுற்றும் அவளே ஓட்டினாள். மொத்தத்தில் கடைசிக்கு முந்தின இடம். மாமா வேலியோரமாகவே ஓடி ஓடிக் கத்தியதில் ஒரு வாரத்துக்குக் குரல் இல்லை.

தட்டிய பழம் இரண்டையும் கடைக்குக் கொண்டுவந்து அறுத்தார். அன்றைக்கு மருந்து வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் மாத்திரையோடு இரண்டு சுளை. “எங்க வூட்டம்மா அடிச்ச பழம். சாப்புடுங்க, சாப்புடுங்க” என்று, இல்லாத குரலில். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்தவர்களையும் விடவில்லை.

எனக்கும் இரண்டு சுளை வந்தது. பழம் சரியாகப் பழுக்கவே இல்லை, அரைக்காய். “தேனு மாமா!” என்று சொல்லி, இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றேன்.