குட்டி என்று நான் சொன்னது யாரை என்றால்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும், நான்கு காலில் நடப்பவர்கள் உட்பட, ஆண்டவன் அருளால் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்துக்கும், தங்கள் வீட்டு டாக்டர் அவர்களின் சௌக்கியத்துக்கும், முக்கியமாகத் தங்கள் இரத்த அழுத்தம் இறங்குவதற்கும் தினமும் காலையில் கண் மூடி உட்காரும்போது வேண்டிக்கொள்கிறேன். போன முறை தாங்கள் வந்திருந்தபோது என் சமையலில் உப்பு தூக்கலாகி, தாங்கள் கால் வீங்கி வீடு போய்ச் சேர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. தாங்களும் மறக்கவில்லை என்று மருமகள் சொன்னாள்.

போனில் பேசித் தீர்க்கிற நிலைமையைத் தாண்டிவிட்டோம் என்பதால் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை வந்து பெண்ணையும் பேத்தியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன், அதற்கப்புறம் இந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று தாங்கள் சொல்லிவிட்டீர்கள். அதற்குள் இந்தக் கடிதம் கூரியரில் தங்கள் கைக்கு வந்து சேர வேண்டும். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன், விவரம் பிறகு. வாந்தி எடுத்தவள் தங்கள் பெண் இல்லை. அதைத் தின்றது தங்கள் பேத்தி இல்லை. அது நாய்.

நாய் என்றால், எங்கள் கேட்டுக்கு வெளியே படுத்துக் கிடந்த கறுப்பி. மழையில் நனைகிறாளே என்று ஒருநாள் உள்ளே விட்டேன். அடுத்த நாள் துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் ஆறு குட்டி. அவள் என்று எழுதுகிறாளே என்று தாங்கள் நினைக்கக் கூடாது. ஒரு உயிரைப் பெற்றவளை ‘அது’ என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நான் பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவள் இல்லை, மளிகைப் பொட்டலம் மடித்த பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் இவ்வளவும் கற்றேன். ஆனாலும் தாய் என்றால் தாய்தான் என்பதை எந்தப் பேப்பரிலும் படிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு மரியாதைதான் என்னை இன்றைக்குத் தங்கள் முன்னால் குற்றவாளியாக நிறுத்தியிருக்கிறது.

குட்டிகளுக்குப் பல் முளைத்தது. ஊசி மாதிரி பல். கறுப்பிக்குக் குத்துகிறது, பால் கொடுக்கப் படுத்தவள் பாதியில் எழுந்து போய்விடுகிறாள், ஆறும் அவள் படுத்திருந்த சாக்கைச் சப்பிக்கொண்டு கத்துகின்றன. இனி வெளிச்சாப்பாடு பழக்க வேண்டியதுதான் என்று பசும்பாலில் தண்ணீர் கலந்து வைத்தேன். குடித்தன. அதற்குப் பிறகு நடந்ததைத் தங்களைப் போன்றவர்களுக்கு எழுத முடியாது. அந்தச் செலவை முதலில் பால் கணக்கில் எழுதினேன், பிறகு சோப்புத்தூள் கணக்கிலும் எழுதினேன் என்று மட்டும் சொல்கிறேன். ஆறையும் கூடையில் போட்டுக்கொண்டு நாய் டாக்டரிடம் ஓடினேன். அவர் சின்ன வயதுக்காரர், சிரிக்காமல் பேசுகிறவர்.

“பசும்பால் குடுத்தீங்களா?”

“ஆமாங்க.”

“ஏன் குடுத்தீங்க?”

“பால்னு நெனச்சுக் குடுத்தேன்.”

“அது கன்னுக்குட்டிக்காக இருக்கிற பாலும்மா. இதுங்க வயித்துக்கு ஒத்துக்காது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் காலையும் மாலையும் குடிக்கிறோமே, அப்போது நாமெல்லாம் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று கேட்க வாயெடுத்தேன். வரிசையில் ஒரு பூனை காத்திருந்ததால் கேட்கவில்லை.

கடையில் விற்கிற குட்டித் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். வாங்கிப் பார்த்தேன். பொட்டலத்தின் பின்னால் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தும் ஒரு சாமான்கூட எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒன்றை என் கையால் ஒரு உயிருக்குக் கொடுக்க மாட்டேன் என்று திரும்ப அவரிடமே போய் நின்றேன். அந்தத் தம்பி பெருமூச்சு விட்டு, “சரிம்மா, வீட்டுலயே பண்ணுங்க. தோலும் எலும்பும் இல்லாம கோழிக்கறி, கூட கொஞ்சம் சோறு, கொஞ்சம் பூசணிக்காய். குழைய வேகவெச்சு மைய அரைச்சிடுங்க. உப்பு ஒரு கல்லுகூடக் கூடாது. வெங்காயம், பூண்டு வாசனையே ஆகாது. இந்தக் கால்சியம் பொடியையும் கலந்துக்குங்க. வெதுவெதுப்பாக் குடுங்க, மொதல்ல தண்ணியா, அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக் கெட்டியா” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் அடுப்பில் முதல் வேலை அதுதான். வீட்டு மிக்ஸியில் அரைக்கக் கூடாது என்று மருமகள் சொல்லிவிட்டதால், பரணில் கிடந்த பழைய மிக்ஸியை இறக்கினேன். மூடி இல்லாத மிக்ஸி. முதல் நாள் அரைத்ததில் பாதி கூரைக்குப் போனது. இரண்டாம் நாள் தண்ணீர் குறைந்து பசை மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதை வெச்சு செவுத்துல காலண்டரே ஒட்டலாம்” என்றார். ஒட்டியும் காட்டினார். இன்னும் விழவில்லை. ஒருவழியாகப் பதம் கைக்கு வந்தது. அதை ஆறவைக்கத் தட்டையாக, மூடி போட்ட பாத்திரம் எதுவும் அமையாததால், தாங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த நீலப்பூப் போட்ட பீங்கான் கிண்ணத்தை எடுத்துவிட்டேன். எந்த உயிருக்கும் முதல் சாப்பாடு என்பது சாதாரண விஷயமா, நல்ல பாத்திரத்திலிருந்து போகட்டுமே என்ற எண்ணம்தான். சாப்பாட்டு மேஜையில் மூடி வைத்து, ஆறிய பிறகு தட்டில் ஊற்றித்தான் கீழே வைப்பேன். கிண்ணத்தில் எந்த நாயும் வாய் வைத்ததில்லை.

ஆனால் அவை தின்னவில்லை. ஒருவன் தட்டுக்குள் இறங்கி நடந்து அந்தப் பக்கமாக ஏறிப் போனான். ஒருத்தி அதன் நடுவில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். வாயைக் கொண்டுபோய் வைத்தால் தும்மல். எலும்பும் தோலுமாகிவிடுமே என்று எனக்குக் கவலை. அப்போதுதான், செவ்வாய்க்கிழமை காலையில், கறுப்பி தன் சாப்பாட்டை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு ஓடிவந்து, என் கண் முன்னால், குட்டிகளுக்கு நடுவில், அவ்வளவையும் கக்கினாள். நான் அரைத்ததைத் திரும்பிப் பார்க்காத ஆறும் அதன்மேல் விழுந்து தின்றன. கோழி, பூசணி, பிரார்த்தனை எல்லாம் போட்டு நான் செய்ததைவிட இது மேலா?

உடனே போனை எடுத்து நாய் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். சம்பந்தியம்மா, இந்த இடத்தில்தான் என்னைத் தாங்கள் மன்னிக்க வேண்டும். தங்கள் வீட்டுக்காரர் பல் டாக்டர் என்ற மரியாதைக்காகத் தங்கள் நம்பரை ‘டாக்டர் சம்பந்தி’ என்று போட்டு வைத்திருக்கிறேன். நாய் டாக்டர் நம்பரை ‘டாக்டர் நாய்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். அகர வரிசையில் தாங்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்து வருகிறீர்கள். அவசரத்தில் விரல் ஒரு வரி மேலே பட்டுவிட்டது. தாங்கள் கேட்டது இதுதான்:

“டாக்டர், தொந்தரவுக்கு மன்னிக்கணும். நீங்க சொன்ன மாதிரிதான் குட்டிக்குத் தட்டுல ஊத்தித் தரையில வெச்சேன். தலையைப் புடிச்சு அமுக்கியும் பாத்துட்டேன், தும்முதே தவிர வாயைத் தெறக்க மாட்டேங்குது. இவளும் பால் குடுக்காம எழுந்து எழுந்து ஓடிடறா. இன்னிக்கு என்ன பண்ணா தெரியுமா, தான் தின்னதையெல்லாம் குட்டி முன்னாடி வாந்தி எடுத்துட்டா, குட்டி அதை நக்கி நக்கித் தின்னுது. தடுக்கப் போனா என்னைப் பாத்து உறுமறா. கட்டிப் போடலாமா? எங்க வீட்டுக்காரர் குட்டியை யாருக்காவது குடுத்துடலாம்கறார், ஆளுங்க வந்து பாத்துட்டும் போயிட்டாங்க.”

இதில் ஒரு சொல்லுக்கு மட்டும் தாங்களும் கொஞ்சம் பொறுப்பு. பேத்திக்கு அழகான பேர் இருக்க, குட்டி குட்டி என்று முதலில் கூப்பிட ஆரம்பித்தது யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதைக் கேட்டுத் தாங்கள் பதறிப்போய்ப் போன் செய்தபோது நான் சாக்கு அலசிக்கொண்டிருந்தேன். எடுத்தவர் எங்கள் வீட்டுக்காரர். அவர் சொன்னதை அவர் வாயாலேயே கேட்டு எழுதுகிறேன்.

“என் பொண்ணு எங்கே?” என்று தாங்கள் கேட்கவில்லை. “அவ எங்கே?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

“மெஷினுக்குப் பின்னால சாக்குமேல படுத்திருக்கா சம்பந்திம்மா. இப்பல்லாம் கூப்பிட்டா வர்றதே இல்ல.”

“குட்டி?”

“அது பாட்டுக்குச் செருப்பைக் கடிச்சிட்டிருக்கு.”

“யாருக்கோ குடுக்கப் போறீங்களாமே.”

“பேப்பர்காரர் கேட்டிருக்கார். பொட்டைங்கறதால கொஞ்சம் யோசிக்கறார்.”

பிறகு என்னிடம் வந்து, “சம்பந்தியம்மா வெள்ளிக்கிழமை வர்றாங்களாம். அழுதுட்டே பேசினாங்க. நாய்மேல இவ்வளவு பாசம்னு எனக்குத் தெரியாமப் போச்சு” என்றார்.

விஷயம் புரிந்ததும் மருமகளே தங்களைக் கூப்பிட்டாள். “அம்மா, அது நாய்ம்மா” என்று அவள் சொல்ல, “பக்கத்துல யாரு நிக்கறா? பயப்படாதே. நீ ஒண்ணும் பேச வேணாம், ஒரே ஒரு இருமல் இருமு, நான் புரிஞ்சுக்கறேன்” என்று தாங்கள் சொல்ல, அவளுக்கு மூன்று நாளாக ஜலதோஷம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்த வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் தாங்கள் எடுப்பதில்லை.

டாக்டரிடம் நேரில் போய்க் கேட்டுவிட்டேன். தாய் நாய் தின்றதைக் கக்கிக் குட்டிக்குக் கொடுப்பது வியாதி இல்லையாம், காலகாலமாக அவர்கள் வழக்கமாம். “ஒங்க சமையல் மேல தப்பில்லம்மா, நாளைக்கு அவளைத் தள்ளிக் கட்டிட்டு வெச்சுப் பாருங்க” என்றார். அப்படியே வைத்தேன். தின்றன. தட்டு கழுவாமலே பளபளத்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தங்கள் பேத்திக்கு ஐந்து மாதம். தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுக்கூட அவள் வாயில் பட்டதில்லை. தங்கள் பெண் கட்டிலில்தான் படுக்கிறாள், மெத்தை போட்டு. நாய்க்குச் செய்கிற அந்தச் சாப்பாட்டை இந்த வீட்டில் மனிதராய்ப் பிறந்த எவரும் வாயில் வைத்ததில்லை, இனி வைக்கப்போவதும் இல்லை. இதை ஆண்டவன் மேல் ஆணையாக எழுதுகிறேன். குழந்தையை இந்த வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அவள் சத்தம் இல்லாத கூடத்தில் நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எப்படி இருப்போம்.

தங்கள் மனம் குளிரவும், அழுத்தம் இறங்கவும், நம் இரண்டு குடும்பமும் ஒன்றாய் இருக்கவும் ஆண்டவன் துணை நிற்கட்டும். டாக்டர் அவர்களுக்கு (பல்) என் வணக்கம்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்புக்குரிய
சம்பந்தி

பி.கு.: மேலே கையெழுத்துப் போட்டு மை காயவில்லை, வாசலில் டாக்ஸி வந்து நின்றது. வெள்ளிக்கிழமை வரை தங்களுக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் பேசாமல் நேராக உள்ளே போனீர்கள். கட்டிலில் பெண்ணைப் பார்த்தீர்கள், அவள் மடியில் பேத்தியைப் பார்த்தீர்கள். பிறகு மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தீர்கள். கறுப்பி அந்த நேரம் பார்த்துத் தங்களுக்காகவே இன்னொரு முறை செய்து காட்டினாள். தாங்கள் அப்படியே சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டீர்கள். எழுத்தில் இருக்கட்டும், கையிலேயே கொடுத்துவிடலாம் என்று இந்தக் கடிதத்தை எடுக்க நான் உள்ளே போனேன். திரும்பி வந்தால், தங்கள் முன்னால் நீலப்பூக் கிண்ணம். மூடி ஒரு பக்கம். கையில் கரண்டி. பாதி காலி.

“ரெண்டு நாளா பச்சத் தண்ணிகூட எறங்கல சம்பந்தி. நான் சண்டைக்கு வந்தேன், நீங்க நான் குடுத்த கிண்ணத்துலயே எடுத்து மூடி வெச்சிருக்கீங்க. உப்பில்லாம, வெங்காயம் இல்லாம, வெதுவெதுப்பா. என் ப்ரெஷருக்குன்னு இவ்வளவு பதமா என் வீட்டுலயே யாரும் பண்ணினதில்ல” என்று சொல்லித் தாங்கள் அழுதீர்கள். எங்கள் வீட்டுக்காரர், “அது வந்து” என்று ஆரம்பித்தார். அவர் காலை நான் மிதித்தேன். மருமகளுக்கு இருமல் வந்தது. இந்த முறை அது ஜலதோஷம் இல்லை.

பெண் இங்கேயே இருக்கட்டும், இதைவிட நல்ல கை அவளுக்கு எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிட்டீர்கள். ஆகவே இந்தக் கடிதத்தைத் தங்களிடம் கொடுப்பதற்கில்லை. கிழிக்கவும் மனம் வரவில்லை, ஆணை எழுதியிருக்கிறேனே. அரிசி டின்னுக்கு அடியில் வைக்கிறேன். ஆண்டவனுக்கு எடுத்துப் படிக்கத் தெரியும். தாங்கள் கூடத்தில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன், நாளைக்கும் இதையே பண்ணுங்கள், இன்னும் கொஞ்சம் கெட்டியாக என்று குரல் கொடுக்கிறீர்கள். நல்லவேளையாக டாக்டரும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.