மெய்லினுக்குக் கிடைத்த வேலை

ஒரு காட்டில், சொன்னால் சிரிக்கக்கூடாது, ஒரு பாண்டா வேலை தேடி அலைந்தது. பெயர் மெய்லின். சீனாவிலிருந்து எப்படி வந்தது என்றெல்லாம் குடையாதீர்கள். கதையில் வந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தக் காட்டில் இருந்தது ஒரே மூங்கில் தோப்பு. அதுவும் சிங்கராஜாவிடம் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும். மெய்லினுக்கோ மூங்கில் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்காது. பாவம், வயிறு முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

காலியாக இருந்த ஒரே வேலை, சுற்றுலாப் பயணிகளை வரவேற்பது. இண்டர்வியூ இங்கிலீஷில். மெய்லின் ஓடிப்போய் மைனா மிஸ்ஸின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தது.

"முதல்ல 'கெட்'டைப் பிடி. அது வந்துட்டா பாதி இங்கிலீஷ் வந்தாச்சு," என்றது மிஸ். "வாங்கறதும் கெட், போய்ச் சேர்றதும் கெட். எழுந்தா கெட் அப், நனைஞ்சா கெட் வெட்."

"எங்க ஊர்ல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வார்த்தை மிஸ்! இங்க என்ன, ஒரே ஆள் எல்லா வேலையும் பாக்குது?"

"கேள்வி கேக்காதே. மனப்பாடம் பண்ணு."

பண்ணியது. தூக்கத்தில்கூட கெட், கெட் என்று முனகியது.

இண்டர்வியூவில் சிங்கம் நடுவில், நரியும் காட்டெருமையும் இரண்டு பக்கம். மிஸ் வெளியே கிளையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"டெல் அபவுட் யூ," என்றது சிங்கம்.

"இஃப் ஐ கெட் திஸ் ஜாப், ஐ வில் கெட் அலாங் வித் எவ்ரிஒன்," என்று மெய்லின் சரளமாக ஆரம்பித்து, மூச்சுவிடாமல் பொழிந்தது.

சிங்கம் நரியைப் பார்த்தது. நரி வானத்தைப் பார்த்தது. காட்டெருமை தண்ணீர் கேட்டது. ஒருவருக்கும் ஒரு எழுத்து புரியவில்லை.

"ரொம்பப் பேசுது. திமிர் பிடிச்சது. அடுத்த ஆளைக் கூப்பிடு," என்று உறுமியது சிங்கம்.

மெய்லினுக்குப் பகீரென்றது. ஐயோ, மூங்கில் போச்சே! அப்போதுதான் சிங்கத்தின் பிடரியிலிருந்து வேர்வை சொட்டுவதைக் கவனித்தது. விஷயம் விளங்கிவிட்டது.

"சாரி சார்... ஐ பயம் கெட்டிங்... மூளை நோ கெட்டு..."

சிங்கத்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! "நோ, நோ! கெட்டு இல்லம்மா. கெட்டட்!"

"அப்படியா சார்? எங்க மிஸ் இதைச் சொல்லித்தரவே இல்லையே!"

"சாரோட இங்கிலீஷ் யாருக்கு வரும்!" என்று நரி உருகியது.

"இப்பவே வேலையில சேரு. போகப்போக நானே சொல்லித்தரேன்," என்றது சிங்கம், பெருந்தன்மையோடு.

வெளியே மிஸ் சீறிக்கொண்டு வந்தது. "என் மானத்தை வாங்கிட்டியேடி!"

"பசி மிஸ்," என்றது மெய்லின், வாய் நிறைய மூங்கிலோடு.

நீதி: இங்கிலீஷை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், அப்போதுதான் மேலதிகாரி அளவுக்குத் தப்பாகப் பேச வரும்.